மாயக் கதைகளின் நாயகர்களுக்கு அப்பா அம்மா ஏன் இருப்பதில்லை?

பாவும் ஊடையும் | ஞாயிறு, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினோரு பிள்ளைகள் கூடிக் கதை வாசிப்பதைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள்; பெரும்பாலும் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள். மந்திரமும் மாயமும் நிறைந்த இளையோர் நாவல்கள்தாம் வேண்டும் என்று இந்த ஆண்டு அவர்களே கேட்டார்கள். ஆங்கிலத்தில் உள்ளதை நான் வாரத்துக்குள் படித்துவைத்துக்கொண்டு தமிழில் சொல்கிறேன். சில பக்கங்களை மட்டும் மூலத்திலேயே வாசித்துக் காட்டுகிறேன்.

இன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், அப்பா அம்மா உயிரோடு இருந்தால் பிள்ளை வீரனாக முடியாதா?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை வெண்பட்டு வேட்டி நெய்கிறார். பள்ளி விட்டு வந்தபின் மாலை ஏழு மணியிலிருந்து அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது, அவள் வேலை. கேட்கும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிறவளைப் போலத்தான் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். 1997இல் வந்த முதல் நாவலில் ஹாரி பாட்டர் ஒரு வயதிலேயே பெற்றோரை இழந்து பெரியம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே வளர்கிறான். ஊர்சுலா லெ குவின் 1968இல் படைத்த கெட் என்னும் ஆட்டுக்காரச் சிறுவனின் தாய், அவனுக்கு ஒரு வயது நிரம்புவதற்கு முன்பே இறந்துவிடுகிறாள். 1950இல் சி. எஸ். லூயிஸ் எழுதிய கதையில் நான்கு உடன்பிறப்புகள் போர்க்காலக் குண்டுவீச்சுக்குத் தப்பி, பெற்றோரைப் பிரிந்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். வீடு என்பது விட்டு வெளியேற வேண்டிய இடம், வீரம் என்பது அதற்கு வெளியே மட்டும் நடப்பது என்ற எண்ணத்தை இந்தக் கதைகள் எங்கள் பிள்ளைகளிடம் விட்டுச் சென்றுவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு விடை சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

கோரிமேடு | ஞாயிறு, இரவு 11.05

டீச்சர், நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறவன். என் மாணவர்களும் ஆண்டுதோறும் இதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். கதை கட்டும் முறையில் இதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் ஆபத்து வந்தால், பொறுப்புள்ள தாயோ தந்தையோ செய்யும் முதல் வேலை அந்தப் பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தாம் முன்னே நிற்பதுதான். அப்படி நின்றால் கதை பெற்றோரின் கதையாகிவிடும். முடிவெடுக்கும் உரிமையும், அந்த முடிவு தவறாகும்போது அதைச் சுமக்கும் கடமையும் பிள்ளையின் கைக்கு வரவேண்டும் என்பதற்காகவே பெரியவர்களை ஆசிரியர் அறைக்கு வெளியே அனுப்புகிறார்.

ஆனால் அனுப்புவதற்கு மரணம் ஒன்றே வழி அன்று. மேடலின் லெங்கிள் 1962இல் எழுதிய நாவலை உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். மெக் என்ற பெண், காணாமற்போன தன் தந்தையைத் தேடி வேற்றுக் கோளுக்குப் போகிறாள். அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. கண்டுபிடித்தும்விடுகிறாள், ஆனால் அவளுடைய குட்டித் தம்பியை எதிரியிடமிருந்து மீட்க அந்தத் தந்தையால் முடியவில்லை. அவள் அவர்மேல் கொள்ளும் கோபம் மிக நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கும் முடியாதவை உண்டு என்று தெரிந்துகொள்ளும் அந்த இடத்தில்தான் அவள் குழந்தைப் பருவத்தைக் கடக்கிறாள். பிறகு அவளே தனியாகத் திரும்பிப் போய், தம்பிமேல் தனக்குள்ள அன்பைத் தவிர வேறு ஆயுதம் எதுவும் இல்லாமல் அவனை மீட்டு வருகிறாள். அவர்கள் வந்து விழும் இடம் வீட்டுக் காய்கறித் தோட்டம். அண்டத்தையே கடந்து வந்த பயணம் புரோக்கோலிச் செடிகளுக்கு நடுவே முடிவதை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஹாரியின் கதையிலும் வீடு காணாமற்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனுடைய நண்பன் ரானின் வீட்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது மணி காட்டுவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு முள்ளாக ஒன்பது முட்கள், யார் வீட்டில் இருக்கிறார், யார் பயணத்தில் இருக்கிறார், யார் உயிராபத்தில் இருக்கிறார் என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆறாம் நாவலில் ஒன்பது முட்களும் உயிராபத்திலேயே நிற்க, அந்தத் தாய் அந்தக் கடிகாரத்தைத் துவைக்கும் துணிக்கூடையின் மேலே வைத்து, போகும் அறைக்கெல்லாம் தன்னோடு தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அந்தப் பக்கத்தில் மந்திரப் போர் எதுவும் நடப்பதில்லை. என் கணக்கில் அந்த நாவலின் வீரம் மிகுந்த பக்கங்களில் அதுவும் ஒன்று.

பன்னிரண்டாம் வகுப்பு | திங்கள், காலை 6.10

டீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். இந்த நாவல்களைப் படிக்கும் வயதில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்கள், அவர்கள் நல்லவர்கள். நான் எந்தப் பிரிவு எடுத்துப் படிக்க வேண்டும், எந்தப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதை எல்லாம் அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் பலவும் சரியானவை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் இரவில் கதை படிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், யாரிடமும் கேட்காமல் தானே முடிவெடுத்து, அதன் விளைவையும் தானே ஏற்றுக்கொள்ளும் ஒருவனாக நான் இருக்கிறேன். அதற்காக என் பெற்றோர் இல்லாமற்போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அனாதை நாயகனை எங்களைப் போன்றவர்கள் விரும்புவது பெற்றோர்மேல் வெறுப்பினால் அன்று என்பதை மட்டும் தயவுசெய்து உங்கள் திண்ணையில் சொல்லுங்கள், டீச்சர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயா எழுதிய கடிகாரத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. மாலை வகுப்பு முடிந்து ஐந்து ரோட்டில் பேருந்து மாறும்போது ஒருமுறை, அஸ்தம்பட்டியில் இறங்கியதும் ஒருமுறை நான் அவரை அழைக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அவரே அழைப்பார். இதை இவ்வளவு நாளும் தொந்தரவு என்றுதான் எண்ணியிருந்தேன். இன்று காலை அவர் சமையலறையில் நிற்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புலவர் திண்ணை | திங்கள், பிற்பகல் 3.40

அம்மையீர், முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில மிகுபுனைவுகளை என் பேரனின் வழியாகத்தான் அறிவேன். உங்கள் மாணவியின் கேள்விக்கு நம் மரபு வேறொரு விடை வைத்திருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நம்முடைய இளம் வீரனுக்கு ஆயுதம் வீட்டிலிருந்துதான் வருகிறது. சூரனை வெல்லப் புறப்படும் முருகன் அனாதை அல்லன். தாயின் கையிலிருந்து வேல் வாங்கிக்கொண்டு போகிறான். சிக்கலில் ஆண்டுதோறும் சஷ்டியின்போது வேல் வாங்கும் விழா நடக்கிறது. திருச்செந்தூரில் அடுத்த நாள் நடக்கப்போகும் போருக்கு அங்கே தாயிடம் விடைபெறுகிறான். அதே முருகன்தான் ஒரு பழத்துக்காகப் பெற்றோரிடம் சினந்துகொண்டு மலைமேல் போய் நின்றவனும். கோபித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடிப் பெற்றவர்களே மலையேறி வருகிறார்கள். பதின்பருவத்தைப் பற்றி இதைவிட நல்ல கதையை நான் கேட்டதில்லை.

புறநானூற்றின் 312ஆம் பாடலைப் பொன்முடியார் பாடினார். பள்ளிப் புத்தகத்தில் வந்ததால் அனைவருக்கும் முதலிரண்டு அடிகள் நினைவிருக்கும்: "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே." அடுத்து வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்றும், நன்னடை நல்குவது வேந்தனின் கடன் என்றும் தாய் சொல்லிக்கொண்டு போகிறாள். ஒரு பிள்ளை வீரனாவதற்கு வீடும், கொல்லன் உலையும், அரசும் சேர்ந்து உழைக்கின்றன. அவன் தனியொருவனாக எழவில்லை. கடைசியில் அவனுடைய கடன் வருகிறது: "ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கிக் களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே."

இந்த இறுதி அடியில் 'பெயர்தல்' என்ற சொல்லை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே பாடம் நடத்தியிருக்கிறேன். களிற்றை எறிவதோடு அந்தத் தாய் நிறுத்தவில்லை. எறிந்துவிட்டுத் திரும்பி வருவதையும் அவன் கடனுக்குள் சேர்க்கிறாள். பெற்றது என் கடன், திரும்பி வருவது உன் கடன் என்கிறாள். வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் நின்று இந்த அடியை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், வடகிழக்கு எல்லையில் பணியிலிருந்த ராணுவ வீரர் ஒருவரின் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். 'பெயர்தல் என்றால் வீட்டுக்குத் திரும்புவதா, ஐயா?' என்று அவள் கேட்டபிறகுதான் அந்தச் சொல் என் கண்ணில் பட்டது.

இருபதாவது வளைவு | செவ்வாய், இரவு 10.15

ஐயா அவர்களுக்கு என் வணக்கம். 'பெயர்தல்' பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஆனாலும் சில விஷயங்களில் நான் மாறுபடுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் காப்பாளராக இருந்தேன். எட்டு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போகும் பெற்றோரை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்; பிள்ளைகளின் நன்மையை நினைத்துத்தான் அனுப்பினார்கள். ஆகவே பெற்றோர் இறந்தால்தான் பிள்ளை தனியாகும் என்பதே இல்லை. எங்கள் விடுதியில் மாயக் கதைகளுக்கு இருந்த பசி வேறு எந்தப் புத்தகத்துக்கும் இல்லை. டிசம்பரில் பனி சன்னல் வரை வந்து நிற்கும்போது, விளக்கணைத்த பிறகு, போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தும் பார்க்காததுபோல் நான் நடந்து போயிருக்கிறேன். தொலைவில் ஒரு கோட்டையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கதை அவர்களுக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை; தாங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பொருள் கிடைத்ததாகவே தோன்றியது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை உறைக்குள் போடுவதற்கு முன் காப்பாளர் படிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. குறை எழுதியிருந்தால் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நானும் செய்தேன்; இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் படிப்பையும் விளையாட்டையும் பற்றி எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசி வரியில், 'என் கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தான். அதில் திருத்த எதுவும் இல்லை என்று அப்படியே அனுப்பினேன். ஏப்ரல் விடுமுறை முடிந்து திரும்பி வந்தபோது அவனாகவே என்னிடம் வந்து, கட்டிலை எடுத்துவிட்டார்கள், அங்கே இப்போது தையல் இயந்திரம் இருக்கிறது என்று சொன்னான்.

ஐயா, திரும்புவது பிள்ளையின் கடன் என்றால், திரும்பும் இடத்தை வைத்திருப்பது யாருடைய கடன்? டோல்கீனின் பெருங்கதையில், 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில், உலகைக் காத்த ஃப்ரோடோ சொந்த ஊருக்கு வந்தும் அங்கே வாழ முடியாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். அவனோடு கடைசிவரை நடந்த சாம் வீட்டுக்குத் திரும்புகிறான். விளக்கு எரிகிறது, இரவுச் சாப்பாடு காத்திருக்கிறது, மனைவி அவன் மடியில் மகளை உட்கார வைக்கிறாள். இருவரும் ஒரே நெருப்புக்குள் போய் வந்தவர்கள்தாம். அவர்களுடைய முடிவுகள் வெவ்வேறாக இருப்பதை எங்கள் விடுதிப் பிள்ளைகள் யாரும் விளக்காமலே புரிந்துகொண்டார்கள்.

279ஆம் பாடலையும் நீங்கள் நினைவுபடுத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கணவன் நேற்றைய போரில் மாண்டிருக்க, இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்பும் தாயின் பாடல் அது. பள்ளியில் அதை வீரத்தாய் என்ற தலைப்பில் பெருமையாகக் கற்றோம். பாடிய ஒக்கூர் மாசாத்தியாரோ 'கெடுக சிந்தை, கடிது இவள் துணிவே' என்றுதான் தொடங்குகிறார். எண்ணெய் தடவும் அந்தக் கையை நினைத்தால் எனக்குப் பெருமை வரவில்லை, பயம் வருகிறது. அந்தப் புலவருக்கும் பயம் வந்திருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை | புதன், காலை 7.30

டீச்சரம்மா, நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாவல்கள் அதிகம் படித்ததில்லை. என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், சொன்ன அண்ணன்மார் கதையை மட்டும் இங்கே சொல்லலாம் என்று தோன்றியது. பொன்னர், சங்கர் இருவரின் வீரத்தையும் எல்லாரும் பாடுவார்கள். பொன்னர் நிதானமானவர், சங்கர் சினம் மிக்கவர், கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாடிய கதை என்று விடிய விடியப் பாட்டு நடக்கும். அம்மாயி மட்டும் கதையைத் தங்காள் பக்கத்திலிருந்துதான் சொல்வார். அண்ணன்மார் போனபின் தனித்திருந்த தங்கைக்குக் கெட்ட கனவு வந்ததையும், அவள் காட்டுக்குள் தேடிக்கொண்டு போனதையும், படுகளத்தில் கிடந்த அண்ணன்மாரை எழுப்பிச் சற்று நேரம் மட்டும் பேசியதையும் சொல்லும்போது அம்மாயி கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இன்றைக்கும் படுகளம் விழுந்தவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள்.

வீரன் கதையை வீட்டில் இருந்தவள் வாயால் கேட்டால் அது வேறு கதையாக இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நானும் தங்காளிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கோரிமேடு | புதன், இரவு 9.50

செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்னது இந்த இழைக்கே புதிய வழி திறந்திருக்கிறது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்கு நாட்டில் தங்கி இந்தக் கதையைப் பாடகர்கள் பாடப் பாட ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவு இல்லையென்றால் உலகின் பிற பகுதியினர் பொன்னர் சங்கரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் நண்பரின் அம்மாயி செய்த வேலையை எந்த ஒலிப்பதிவும் செய்ய முடியாது. கதை சொல்பவர் எந்த வாசலில் நின்று சொல்கிறார் என்பதை அவர் மாற்றிவிட்டார்.

இதையேதான் லெ குவினும் செய்தார். டீச்சர் முதல் பதிவில் குறிப்பிட்ட கெட்டின் கதை 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்களாக வந்து முடிந்ததுபோல் இருந்தது. முதல் நாவலில் அவன் தன் நிழலைத் தானே துரத்திச் சென்று, அதைத் தன் பெயராலேயே அழைத்து ஏற்றுக்கொள்கிறான். இளையோர் இலக்கியத்தில் வளர்ச்சியை இவ்வளவு துணிவாகக் காட்டிய பக்கங்கள் குறைவு. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், அதே உலகத்துக்கு அவர் மீண்டும் போனார். இம்முறை கதை ஒரு விதவையின் பண்ணை வீட்டில் நடக்கிறது. நெருப்பில் தள்ளப்பட்டு முகமும் கையும் வெந்துபோன ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். பெருமந்திரவாதியாக இருந்த கெட் தன் ஆற்றல் முழுவதையும் இழந்து, மலையில் ஆடு மேய்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறான். கடலோடியாகப் போயிருந்த அவளுடைய சொந்த மகன் திரும்பி வருகிறான். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுவது பெண்கள் வேலை என்று அவன் இருந்துவிட, டிராகன்களோடு பேசிய கெட் அந்த வேலையைத் தயக்கமின்றிச் செய்கிறான்.

திரும்பும் இடத்தை வைத்திருப்பது யாருடைய கடன் என்று காப்பாளர் அம்மா கேட்டதற்கு இந்த நாவல் நேரான விடை ஒன்றும் தருவதில்லை. வைத்திருப்பவர்கள் எந்நேரமும் என்னென்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது.

இன்னொரு சிறு குறிப்பு. ரிக் ரியோர்டன் 2005இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசை, கவனக்குறைவுச் சிக்கலும் வாசிப்பு இடர்ப்பாடும் கொண்ட தம் மகனுக்கு அவர் இரவில் சொன்ன கதைகளிலிருந்து பிறந்தது. முதல் நாவலில் பன்னிரண்டு வயதுப் பெர்சி பாதாள உலகம் வரை போவதன் உண்மையான நோக்கம் தாயை மீட்பது. முடிவில், தன்னைப் போன்றவர்களுக்கான முகாமிலேயே ஆண்டு முழுவதும் தங்கலாம் என்ற வாய்ப்பு இருந்தும் வீட்டுக்குப் போய்ப் பள்ளியில் சேர முடிவு செய்கிறான். டீச்சர், உங்கள் மாணவியின் கேள்விக்கு எதிர்ச்சான்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு | புதன், இரவு 10.30

ஐயா, 1990இல் வந்த அந்த நாவலைச் சென்ற கோடை விடுமுறையில் பாதியில் நிறுத்திவிட்டேன். கெட்டுக்கு ஆற்றல் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வயதில் ஆற்றல் இப்போதுதான் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் அதை இழப்பதைப் பற்றிய கதையை எங்கள் கையில் கொடுப்பது சரியா என்று எனக்கு இன்னும் ஐயமாகவே இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மீண்டும் முயன்று பார்க்கிறேன்.

புலவர் திண்ணை | வியாழன், காலை 11.00

காப்பாளர் அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். 279ஐ நான் வேண்டுமென்றேதான் விட்டேன். அதை விட்டது நேர்மையாகாது. அந்தப் பாடலில் பறையொலி கேட்ட தாயைப் பற்றி 'விருப்புற்று மயங்கி' என்று வருகிறது. அந்த மயக்கத்தை நான் வகுப்பில் ஒருநாளும் விளக்கியதில்லை.

டீச்சர், பிள்ளைகளுக்குக் காவற்பெண்டின் பாடலைச் சொல்லுங்கள்; புறநானூறு 86. வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு 'உன் மகன் எங்கே?' என்று கேட்பவளிடம், எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, புலி தங்கிப் போன கற்குகை போன்ற வயிறு இதுதான் என்று தாய் சொல்கிறாள். சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குகை எளிதில் விளங்கும்.

பாவும் ஊடையும் | ஞாயிறு, இரவு 9.45

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. எழுதியவற்றில் பெரும்பகுதியை இன்று திண்ணையில் படித்துக் காட்டினேன். கடிகாரத்தைப் பற்றிய பகுதியை இரண்டு முறை கேட்டார்கள். கட்டில் எடுக்கப்பட்ட கதையைப் படித்தபின் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

புலவர் ஐயா சொன்ன பாடலைச் சொன்னதும், கேள்வி கேட்ட பெண் தானே ஒரு கதை எழுதப்போவதாகச் சொல்லிப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதினாள். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைவாழ் மக்கள் நம்புவதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். அவளுடைய நாயகி, தறிக்காரர் மகள், ஓர் இரவு அந்தக் குகைக்குள் நுழைந்து, புலி விட்டுப்போன தடத்தைப் பிடித்து நடந்து, வற்றிக்கிடக்கும் ஆற்றை எழுப்பிவிட்டு, விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்புகிறாள். அப்பா, அம்மா, தம்பி மூவரும் கதையில் உயிரோடு இருக்கிறார்கள். அதை அவள் முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். திரும்பி வந்தவளிடம் அம்மா 'எங்கே போனாய்?' என்று கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றிப் பதினோரு பேரும் அரை மணி நேரம் வாதிட்டார்கள். கேட்டால் நாயகி பொய் சொல்ல நேரும் என்றார்கள் சிலர்; கேட்காவிட்டால் அது அம்மாவே இல்லை என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், குதிகாலில் ஒட்டியிருந்த செம்மண்ணை அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைப்பதாக அவள் எழுதினாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தறி நின்றிருந்தது, அவளுடைய அம்மா நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் நோட்டை எடுத்துக் கதை முழுவதையும் படித்துக் காட்டினாள். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். குகை, புலி, ஆறு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. படித்து முடித்ததும், "அந்தப் பிள்ளை போன ராத்திரி தார் யார் சுற்றினது?" என்று கேட்டார்.

மகளுக்கு விடை தெரியவில்லை. நானும் அதை யோசித்திருக்கவில்லை. அவள் நோட்டைத் திருப்பி, முதல் பக்கத்தைக் கிழிக்காமல் அதன் மேலே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, அந்த இரவை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். இம்முறை கதை ராட்டைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அக்காவின் இடத்தில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வயது எட்டு, தார்க்குச்சியை மாட்ட அவனுக்குக் கை எட்டவில்லை.